முந்நூற்று நாற்பத்தொன்றாம் பக்கம்

அந்தத் துறையில் எங்கும் எழுதி ஒட்டப்படாத விதி ஒன்று இருந்தது: படிப்பது பதிப்பை, சுட்டுவது மூலத்தை.

பழைய இதழ் ஒன்றிலிருந்து ஒரு பத்தி தேவைப்பட்டால், யாரோ ஒருவர் ஆண்டுக்கணக்கில் குனிந்து உட்கார்ந்து படியெடுத்து, ஒப்பிட்டு, திருத்தி அச்சிட்டு வைத்திருக்கும் பதிப்பை எடுத்துக்கொள்வார்கள். மின்விசிறிக்குக் கீழே சாய்ந்தபடி படிப்பார்கள். வேண்டியதைப் பெயர்த்துக்கொள்வார்கள். ஆனால் அடிக்குறிப்பில் அந்தப் பதிப்பின் பெயர் வராது. நூறாண்டுக்கு முந்தைய இதழின் பெயரும் பக்க எண்ணும்தான் வரும், ஏதோ தாங்களே காப்பகத்துக்குப் போய் அந்தப் பழுப்புத் தாளைப் புரட்டிவிட்டு வந்தவர்கள்போல. இதை யாரும் யாருக்கும் கற்றுக்கொடுத்ததில்லை. தேநீர் எத்தனை மணிக்கு வரும் என்பதைத் தெரிந்துகொள்வதுபோல, புதிதாக வந்த ஆய்வு மாணவர்கள் இதையும் தாமாகவே தெரிந்துகொண்டார்கள். திருட்டு என்று சொல்ல யாருக்கும் நா எழவில்லை. எடுத்தது இன்னொருவரின் கருத்தையல்ல, உழைப்பைத்தானே. உழைப்புக்கு மேற்கோள்குறி போடும் வழக்கம் எந்த இலக்கணத்தில் இருக்கிறது?

இந்த விதியை அங்கிருந்த எவரையும்விட அழகாகக் கடைப்பிடித்தவள் இணைப் பேராசிரியை. துறையில் அவளுக்கு 'அடிக்குறிப்பு' என்று பட்டப்பெயர். பழைய பெண்கள் மாத இதழ் ஒன்றைப் பற்றி அவள் எழுதிய புத்தகத்தில் பக்கத்துக்குப் பாதி அடிக்குறிப்பாகவே இருந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 'காப்பகத்தின் தூசியில் மூழ்கி எழுந்த ஆய்வு' என்று பின்னட்டையில் ஒரு பெரியவர் எழுதியிருந்தார். அந்தப் புத்தகம்தான் அவளுக்கு நிரந்தரப் பணியைப் பெற்றுத் தந்தது. தூசி என்றாலே அவளுக்குத் தும்மல் வரும் என்பதும், அந்தக் காப்பகத்தின் படியை அவள் ஒருமுறைகூட மிதித்ததில்லை என்பதும் வீட்டில் அக்காவுக்கு மட்டுமே தெரியும்.

மிதிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அவளுடைய அறைக்கு மூன்று அறை தள்ளி, மாடிப்படிக்கு அடியில் ஒதுக்கப்பட்ட இடத்தில், அந்த இதழின் எல்லா ஆண்டுத் தொகுதிகளையும் எழுத்தெழுத்தாகப் பதிப்பித்த மனிதர் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது: பூதக்கண்ணாடி. தற்காலிக விரிவுரையாளராகச் சேர்ந்து ஆறு ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்த ஆண்டு முடிவதற்குள் குழு கூடி அவரை நிரந்தரமாக்க வேண்டும், இல்லையென்றால் வெளியே அனுப்ப வேண்டும். மூன்றாவது வழி கிடையாது.

பதிப்பாசிரியர் தம் பதிப்பின் ஓரத்தில், சின்ன எழுத்தில், மூல இதழின் பக்க எண்களையும் கொடுத்திருந்தார். வாசகர் விரும்பினால் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டுமே என்ற அக்கறை. அந்த அக்கறையே அவருக்குக் குழி பறித்தது. ஓரத்து எண்ணை அப்படியே எடுத்து அடிக்குறிப்பில் போட்டுவிட்டால் காப்பகத்துக்குப் போய்வந்ததாக ஆகிவிடும். சமையல்காரரே பரிமாறிவிட்டு, விருந்தாளி தானே சமைத்ததாகச் சொல்லிக்கொள்ளத் தோதாகக் கரண்டியையும் அவர் கையில் கொடுத்த கதைதான்.

குழுவின் கூட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது துறைத்தலைவர் அவளை அறைக்கு அழைத்தார். நல்ல மனிதர். எவரையும் நோகடிக்காமல் எதையும் மறுத்துவிடும் கலை அவருக்குக் கைவந்திருந்தது. பதிப்பைப் பற்றி ஒரு மதிப்பீட்டுக் குறிப்பு வேண்டும், அந்த இதழைக் கரைத்துக் குடித்தவள் அவள்தான், அவள் எழுதினால் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள் என்றார். கூடவே, அவளுடைய பேராசிரியர் பதவி உயர்வுக் கோப்பு அடுத்த மாதம் மேலே போகிறது என்பதையும், சம்பந்தமில்லாததுபோல, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ரெண்டு பக்கம் போதும் மேடம். பயனுள்ள பணின்னு ஒரு வரி வந்துடட்டும்."

"பயனுள்ளதுதானே சார் அது."

"அதான் சொல்றேன். நம்ம பாஷையில பயனுள்ளதுன்னா என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியாதா? பாராட்டு உண்டு, புள்ளி கிடையாது."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான், அந்தப் புள்ளி முறையை வகுத்த துணைக்குழுவில் தானும் இருந்தது நினைவுக்கு வந்தது. 'சொந்த ஆய்வு' என்ற தலைப்பின் கீழ் புத்தகமும் கட்டுரையும் வந்தன. பதிப்பு, அகராதி, மொழிபெயர்ப்பு எல்லாம் 'துறைக்கான சேவை' என்ற தலைப்பின் கீழ், கருத்தரங்குக்கு நாற்காலி ஏற்பாடு செய்ததோடும் விருந்தினரை ரயிலடியிலிருந்து அழைத்து வந்ததோடும் சேர்ந்துகொண்டன. அன்று அவள் ஒன்றும் பேசவில்லை. பசி நேரம், எல்லோரும் தலையாட்டினார்கள், அவளும் ஆட்டினாள்.

பதிப்பு மூலத்துக்கு உண்மையாக இருக்கிறதா என்று ஒரு வரியாவது எழுத வேண்டும். அதற்கு மூலத்தைப் பார்க்க வேண்டும். ஆகவே, தன் வாழ்நாளிலேயே முதல்முறையாக, மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அவள் காப்பகத்துக்குப் போனாள்.

வாசிப்பறையில் நீண்ட மேசை, பச்சை மூடி போட்ட விளக்குகள், பென்சிலுக்கு மட்டுமே அனுமதி. ஏழாம் ஆண்டுத் தொகுதியைக் கேட்டாள். நூலகப் பணியாளர் அதை ஒரு குழந்தையைப்போல இரு கைகளிலும் ஏந்திவந்து பஞ்சுத் தலையணைமேல் வைத்தார். உடனே நான்கைந்து முறை தும்மினாள். பக்கத்து மேசைக்காரர் தம் தாள்களை அவளிடமிருந்து நகர்த்தி வைத்துக்கொண்டார்.

எங்கிருந்து தொடங்குவது? எல்லோரும் தொடங்கும் இடத்திலிருந்துதான். அவளுடைய புத்தகத்தின் உயிர்நிலை ஒரு தலையங்கப் பத்தி. 'எழுதத் தெரிந்தவளுக்கு எழுதத் தெரியாதவள்மேல் உள்ள கடனை எந்தப் பள்ளியும் சொல்லித்தருவதில்லை' என்று தொடங்கும் அந்தப் பத்தியின்மேல்தான் அவள் தன் மூன்றாம் இயலை முழுக்கக் கட்டியிருந்தாள். அடிக்குறிப்பு: ஏழாம் ஆண்டு, பக்கம் 341. பொடிப்பொடியாக உதிரும் ஓரங்களைத் தொடாமல் பக்கங்களைப் புரட்டினாள். முந்நூற்று நாற்பத்தொன்றாம் பக்கம் வந்தது.

அதில் ஒரு கூந்தல் தைல விளம்பரம் இருந்தது. இடுப்புக்குக் கீழே தழையும் கூந்தலோடு ஒரு பெண் அவளை நேராகப் பார்த்தாள். 'பயன்படுத்திய பின்னரே நம்புவீர்' என்று கீழே அச்சிட்டிருந்தது.

தப்பான தொகுதியோ என்று அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். சரியான தொகுதிதான். முன்னும் பின்னும் புரட்டியதில், தலையங்கம் பத்துப் பக்கம் தள்ளி 351-இல் அகப்பட்டது. பின்னோக்கி எண்ணிக்கொண்டே போனபோது காரணம் தெரிந்தது. 317-க்கு அடுத்த பக்கத்தில் அச்சுக்கோப்பவர் 328 என்று போட்டிருந்தார். அந்த வழுக்கல் அந்தத் தொகுதியின் கடைசிப் பக்கம்வரை தொடர்ந்தது. அடுத்த மாத இதழிலேயே இதழாசிரியை வருத்தம் தெரிவித்து, வாசகர்கள் தயைகூர்ந்து பத்தைக் கழித்துப் படித்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டிருந்தார். அந்த வேண்டுகோளுக்கு நூறாண்டு கழித்துக் கீழ்ப்படிந்த ஒரே வாசகர் பூதக்கண்ணாடிதான். அவருடைய பதிப்பை அங்கேயே பைக்குள்ளிருந்து எடுத்து முன்னுரையைப் பார்த்தாள். அச்சில் தவறிய எண்கள் இதழாசிரியையின் விருப்பப்படி திருத்தப்பட்டுள்ளன என்று ஆறாம் பக்கத்தில் தெளிவாகவே சொல்லியிருந்தார். முன்னுரைகளை யார் படிக்கிறார்கள்?

அவள் கன்னம் சுட்டது. யாரும் பார்க்கவில்லை, ஆனால் அந்தக் கூந்தல்காரி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். தன் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எவர் இந்த மேசைக்கு வந்தாலும் அரை மணி நேரத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆனால் எவரும் வரப்போவதில்லை. அந்த நினைப்பு ஒரு நொடி ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலுக்காக அவள் வெட்கப்பட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அக்கா பள்ளியில் கணக்கு டீச்சர். சாப்பாட்டு மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். பேனாவை நிறுத்தாமலே கேட்டாள். பக்க எண் மாறிப்போனதற்கு யாராவது சிறைக்குப் போவார்களா என்றாள். தங்கை, விஷயம் பக்க எண்ணில் இல்லை, அவர் செய்த வேலையைத் தன் வேலையாகக் காட்டியதில் இருக்கிறது என்றாள். இப்போது அந்த வேலைக்கு மதிப்பே இல்லையென்று அவரை அனுப்பப் பார்க்கிறார்கள். அதற்குத் தன்னிடமே சான்றிதழ் கேட்கிறார்கள் என்றாள்.

அக்கா தலையை நிமிர்த்தினாள். "நீ ஒருத்தியா பண்ணின? ஊரே பண்ணுதுன்னு நீதானே சொல்ற?"

"ஊரே பண்ணினா சரியாயிடுமாக்கா? ரெண்டு பையனுங்க ஒரே மாதிரி தப்பா போட்டிருந்தா நீ என்ன பண்ணுவ?"

"காப்பின்னு ரெண்டு பேருக்கும் முட்டை போடுவேன். ஆனா அந்தப் பசங்களுக்கு அடுத்த மாசம் பதவி உயர்வு இல்லடி." அக்கா மறுபடி குனிந்தாள். "பேசாம அந்த ஆளைப் பத்தி நாலு வார்த்தை நல்லதா எழுதிக் குடு. உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்காத."

அதுவே புத்திசாலித்தனமான வழியாகத் தோன்றியது. மறுநாள் கல்லூரியில் உட்கார்ந்து நாலு வார்த்தை நல்லதாக எழுதினாள். அரிய உழைப்பு, பிழையற்ற பணி, வருங்கால ஆய்வாளர்களுக்கு அடித்தளம். எழுதியதைப் படித்துப் பார்த்தபோது ஒவ்வொரு சொல்லும் பின்னட்டையில் தன்னைப் பாராட்டிய பெரியவரின் குரலில் ஒலித்தது. 'வருங்கால' என்ற சொல்லின்மேல் அவள் கண் நின்றது. அந்த அடித்தளத்தின்மேல் ஏற்கெனவே ஒரு வீடு நின்றுகொண்டிருந்தது. அவள்தான் அதில் குடியிருந்தாள்.

குறிப்பை மடித்துக்கொண்டு மாடிப்படிக்கு அடியிலிருந்த அறைக்குப் போனாள். பதிப்பாசிரியர் அலமாரியின் ஒரு தட்டைக் காலிசெய்து அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் ஒரே நாற்காலியைக் காலி பண்ணிக் கொடுத்துவிட்டு, தாம் பெட்டியின்மேல் உட்கார்ந்தார். முடிவு தெரிவதற்குள் எதற்கு இந்த மூட்டை முடிச்சு என்று அவள் கேட்டாள். மகளின் பள்ளியில் அடுத்த ஆண்டும் இருப்பாளா என்று கேட்டுவிட்டார்கள், தெரியவில்லை என்று சொன்னதற்கு இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார்கள், அதனால் ஒரு தட்டையாவது காலிசெய்து மனதைத் தயார்படுத்திக்கொள்வதாக அவர் சொன்னார். குரலில் புகார் இல்லை. அது அவளுக்கு இன்னும் உறுத்தியது.

"நேத்து காப்பகம் போயிருந்தேன்," என்றாள். "ஏழாம் ஆண்டு எடுத்துப் பார்த்தேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முகத்தில் மெல்லிய சிரிப்பு ஒன்று வந்து போனது. "கூந்தல் தைலம்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"உங்க புத்தகம் வந்த அன்னைக்கே கடையில நின்னு படிச்சேன் மேடம். மூணாவது இயல்ல அந்த எண்ணைப் பார்த்ததும் உண்மையைச் சொன்னா சந்தோஷமாத்தான் இருந்துச்சு. யாரோ ஒருத்தர் நம்ம பதிப்பைப் படிச்சிருக்காங்களேன்னு." கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "அப்புறம் இன்னும் மூணு பேர் எழுதினாங்க. அவங்களும் அதே 341தான். அந்தத் தைலக் கம்பெனிக்கு நூறு வருஷம் கழிச்சு இவ்வளவு இலவச விளம்பரம் கிடைக்கும்னு அவங்களே நினைச்சிருக்க மாட்டாங்க."

அவளால் சிரிக்க முடியவில்லை. "ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யார்கிட்ட சொல்ல? அந்த நாலு பேர்ல மூணு பேர் என் குழுவுலதான் இருக்கீங்க."

அறைக்கு மேலே மாணவர்கள் மாடிப்படியில் தடதடவென்று இறங்கினார்கள். கூரை அதிர்ந்து, ஒரு பிடி சுண்ணாம்புப் பொடி பெட்டிமேல் விழுந்தது. அவர் அதைக் கையால் தட்டிவிட்டார். அவள், இப்போதாவது குழுவுக்கு அவர் எழுதித் தெரிவிக்கலாமே, தான் ஆதரிப்பதாகச் சொன்னாள். சொல்லும்போதே அந்த வாக்கியத்தின் கோழைத்தனம் அவளுக்குக் கேட்டது: தீயில் அவர் கையை விடட்டும், தான் மருந்து போடுகிறேன் என்பதுபோல.

அவர் கோபப்படவில்லை. ஆனால் முதல்முறையாக அவளை நேராகப் பார்த்தார். "நான் சொன்னா அது புகார் மேடம். நீங்க சொன்னாத்தான் அது மேற்கோள்."

அவள் எழுந்து நின்றாள். கையில் மடித்து வைத்திருந்த குறிப்பை அவரிடம் காட்டத்தான் வந்திருந்தாள், காட்டாமலே திரும்பினாள்.

குழு வெள்ளிக்கிழமை கூடியது. நீள்வட்ட மேசை, ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில், சுவரில் முன்னாள் தலைவர்களின் படங்கள். துறைத்தலைவர், மூத்த பேராசிரியர், வரலாற்றுத் துறையிலிருந்து வந்த ஒருவர், நாடகம் கற்பிக்கும் பேராசிரியை, அவள். மேசையின் ஓரத்தில் துறைச் செயலர் கணினியில் கூட்டக் குறிப்பைத் தட்டிக்கொண்டிருந்தார். பதிப்பாசிரியர் சொன்ன மற்ற இருவர் யார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மூத்த பேராசிரியரின் கட்டுரைத் தொகுப்பிலும் நாடகப் பேராசிரியையின் ஆய்விலும் காலையில்தான் புரட்டிப் பார்த்திருந்தாள். இரண்டிலும் அந்தக் கூந்தல்காரி உட்கார்ந்திருந்தாள்.

துறைத்தலைவர் எண்களை வாசித்தார். சொந்தப் புத்தகம் இல்லை. கட்டுரை இரண்டு. சேவை என்ற தலைப்பில் பதிப்பு, ஒரு புள்ளி. பிறகு, வேண்டாவெறுப்பாகச் செய்வதுபோன்ற தொனியில், பதிப்பின் தாக்கத்தை அளக்கத் தரவுத்தளத்தில் தேடிப் பார்த்ததாகவும், அதை மேற்கோள் காட்டிய நூல்களின் எண்ணிக்கை பூஜ்யம் என்றும் சொன்னார். வரலாற்றுத் துறைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். அவர் ஒருவர்தான் அந்த எண்ணை உண்மையிலேயே நம்பியவர்.

மூத்த பேராசிரியர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பையன் தங்கமானவன், தனிப்பட்ட முறையில் தமக்கு ரொம்பப் பிடிக்கும் என்று ஆரம்பித்தார். அவர் இப்படி ஆரம்பித்தால் எங்கே முடிப்பார் என்று எல்லோருக்கும் தெரியும். "ஆனா பாருங்க, அடுத்தவங்க எழுதினதை அழகா டைப் அடிச்சுக் கொடுத்தா அது ஆராய்ச்சியா? அப்படின்னா தட்டச்சு நிலையம் நடத்தறவங்களுக்கெல்லாம் நாற்காலி போடணும்."

நாடகப் பேராசிரியை சிரித்தாள். சிரித்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள். பூஜ்யம் என்ற சொல் வந்தபோது அவளும் மேசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதை இணைப் பேராசிரியை கவனித்திருந்தாள்.

"அடிக்குறிப்பு மேடம் என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டு வாக்கெடுப்புக்குப் போயிடலாம்," என்று துறைத்தலைவர் சிரித்தபடி அவள் பக்கம் திரும்பினார்.

குறிப்பு அவள் முன்னால் இருந்தது. அரிய உழைப்பு, பிழையற்ற பணி. அதைப் படித்துவிட்டால் போதும். நல்லவள் என்ற பெயரும் கெடாது, கோப்பும் மேலே போகும், அவரும் ஒரு பாராட்டோடு வெளியே போவார். பெட்டிமேல் உட்கார்ந்திருந்த மனிதரின் தோளில் படிந்திருந்த சுண்ணாம்பு ஏனோ நினைவுக்கு வந்தது. தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"சார், பூஜ்யம்னு வாசிச்சீங்களே, அது தப்பு."

"தரவுத்தளத்துல அப்படித்தான் மேடம் இருக்கு."

"இருக்கும். ஏன்னா நான் எழுதல." தண்ணீரைத் தொடாமல் பேசினாள். "என் புத்தகத்துல எங்கெல்லாம் அந்த இதழோட பேர் அடிக்குறிப்புல வருதோ, அங்கெல்லாம் அவர் பதிப்பு பேர் வந்திருக்கணும். அந்த இதழை நான் பார்த்ததே இல்லை. இந்த வாரம்தான் முதல்தடவையா தொட்டேன். அவர் ஓரத்துல போட்டிருந்த எண்ணை எடுத்து, நானே காப்பகத்துக்குப் போன மாதிரி காட்டிக்கிட்டேன். அவர் பண்ணினது ஆராய்ச்சி இல்லைன்னா, என்னை நிரந்தரமாக்கின புத்தகமும் ஆராய்ச்சி இல்லை."

வரலாற்றுத் துறைக்காரர் புரியாமல் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். நாடகப் பேராசிரியை பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். அது எப்போதோ மூடிக்கொண்டுவிட்டது. மூத்த பேராசிரியர்தான் முதலில் வாய் திறந்தார்.

"என்னம்மா இது. இதெல்லாம் எல்லாரும்..."

அங்கேயே நிறுத்திவிட்டார். வாக்கியத்தை முடித்தால் அது அவருடைய வாக்குமூலமாகிவிடும். அந்த 'எல்லாரும்' மேசை நடுவில், யாரும் எடுக்காத பண்டம்போலக் கிடந்தது.

துறைத்தலைவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். இது உணர்ச்சிவசப்பட்ட பேச்சு, பதிவில் ஏற வேண்டிய அவசியமில்லை என்று மென்மையாகச் சொன்னார். செயலரின் விரல்கள் விசைப்பலகைமேல் அப்படியே நின்றன. அவர் துறைத்தலைவரைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார்.

"எழுதட்டுமா மேடம்? விட்டுடட்டுமா?"

"எழுதுங்க," என்றாள். "ஏழாம் ஆண்டு, முந்நூத்தி நாப்பத்தொண்ணாம் பக்கம். அடைப்புக்குறிக்குள்ள, பதிப்பாசிரியர்னு போட்டு அவர் பேரை முழுசா எழுதுங்க."